ரம்முக்கும் யம்முக்கும் நடுவில் ஒரு நெருப்புக்குச்சி

என் வாய் போன கதையைச் சொல்வதற்கு முன், அது எப்படிப்பட்ட வாய் என்று சொல்லிவிட வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் மன்னார் – வவுனியா பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். தள்ளாடி, உயிலங்குளம், முருங்கன், மடு றோட், செட்டிகுளம் என்று ஒரே மூச்சில் கூவினால் பஸ் நிலையத்தில் படுத்திருக்கும் கழுதைகள் எழும்பி நிற்கும். சனம் ஏறும், கழுதைகள் ஏறாது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

பிறந்தது வங்காலை. கரைவலை இழுக்கிற ஆட்களுக்கு நடுவில் வளர்ந்ததால் தூசணம், அதாவது கெட்ட வார்த்தை, எனக்குத் தாய்ப்பாலோடு வந்தது. மிதிபலகையில் தொங்குகிறவனுக்கு ஒரு தூசணம், பஸ்ஸுக்குக் கை காட்டிவிட்டு நின்ற பிறகு யோசிக்கிறவனுக்கு இன்னொன்று, பிறேக் பிடிக்காத டிறைவருக்கு நீளமான ஒன்று என்று தரம் பிரித்து வைத்திருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொன்னால் சுவாமியார் பெருமூச்சு விட்டு, போன முறை தந்த அபராதத்தையே திரும்பவும் தருவார். நானும் அதைச் செபித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடுவேன்.

என் மனைவி சைவக்காரி. மாந்தைப் பக்கம். முருங்கன் தபால் கந்தோரில் வேலை செய்தபோது தினமும் என் பஸ்ஸில்தான் போய் வந்தாள். அவள் ஏறினால் மட்டும் என் வாயில் தூசணம் வராது என்பதைக் கண்டுபிடித்தவன் டிறைவர். ஊருக்கெல்லாம் சொன்னவனும் அவன்தான். இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு வருடம் கோபித்துக்கொண்டார்கள். பிறகு ஓர் ஒப்பந்தம் வந்தது. பிறக்கிற பிள்ளைக்கு ஞானஸ்நானம், அவளுக்கு அவளுடைய விபூதி, ஒருவர் சமயத்தில் மற்றவர் தலையிடுவதில்லை. மகள் பிறந்து, வளர்ந்து, கனடாவுக்குப் போகும்வரை அந்த ஒப்பந்தத்தை அவள் ஒருநாளும் மீறவில்லை. நான் ஒவ்வொரு நாள் காலையும் மீறினேன்.

ஏனென்றால் அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. விடிந்ததும் முற்றத்து மணலில் கிழக்கே பார்த்து நின்று பஞ்சபூதங்களுக்கு மந்திரம் சொல்வாள். எங்கே படித்தாள் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் விளங்கப்படுத்துவாள் என்ற பயம்தான். ஆனாலும் தினமும் யன்னலுக்குள்ளால் பார்த்ததில் எல்லாம் எனக்குப் பாடம். முழங்காலைத் தொட்டு லம். அது நிலம், பாதத்திலிருந்து முழங்கால் வரைக்கும் அதன் பகுதி. அடிவயிற்றில் கை வைத்து வம். அது தண்ணீர். செம்பிலிருந்து ஒரு கை அள்ளித் தெளிப்பாள். நெஞ்சில் ரம். அது நெருப்பு, விளக்கைக் கொளுத்துவாள். புருவ நடுவில் யம், காற்று. உச்சந்தலையில் ஹம், ஆகாயம். ஒவ்வொன்றையும் மூச்சு முடியுமட்டும் இழுத்து, பதினொரு சுற்று.

கட்டிலில் கிடந்து நான் விமர்சனம் சொல்வேன். அவள் நிலம் என்று கும்பிட்டது என் சப்பாத்துக்குள் வந்து ஏறுகிற மணல். தண்ணீர் என்று தெளித்தது பவுசர் லொறியில் வந்தது, எங்கள் கிணற்று உவர்த் தண்ணீரை எந்த பூதமும் ஏற்றுக்கொள்ளாது. ஆகாயம் பாவம், அது தன் பாட்டில் கிடந்தது. மன்னார்த் தீவில் பஞ்சபூதங்களுக்குள் லீவு எடுக்காமல் வேலைக்கு வருகிறவர் காற்று ஒருவர்தான். சோளகம் என்றால் ஒரு பக்கத்தாலும் வாடை என்றால் மற்றப் பக்கத்தாலும் வருவார். அவள் ரம் என்று இழுத்து விளக்கைக் கொளுத்திக் கையை எடுக்க, அவர் வந்து ஊதி அணைப்பார். அவள் மந்திரத்தை நிறுத்தி, நெருப்புப்பெட்டியை எடுத்து, சர்ர் என்று இன்னொரு குச்சி கிழித்துக் கொளுத்திவிட்டுத்தான் யம்முக்குப் போவாள். பதினொரு சுற்றிலும் இதே கூத்து.

"இஞ்சாரும்," என்று ஒருநாள் கட்டிலில் இருந்தே சொன்னேன். "காத்துக்கு முதல்ல சொல்லிப்போட்டு நெருப்புக்குப் பிறகு சொல்லுமன். தன்னைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டீர் எண்ட எரிச்சலில எல்லோ மனுசன் ஊதுறார்."

பதினொரு சுற்றும் முடிந்து விபூதி பூசி உள்ளே வந்த பிறகுதான் பதில் சொன்னாள். "உங்கட கோயில்ல மெழுகுதிரி கொளுத்தினா யன்னலைச் சாத்திப்போடுவினம். ஆகாயத்துக்கு நான் எங்க போய் யன்னல் வாங்கிப் பூட்டுறது?"

இதுதான் எங்கள் இல்லறம். அதில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. அவளுக்கு என்ன குறை இருந்தது என்று கேட்கிற பழக்கமும் எனக்கு இருக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் காலையில் பஸ் நிலையத்துக்குப் போவேன், இப்போதைய கண்டக்டர்மாரில் பிழை பிடிக்க. அன்றைக்கும் அப்படித்தான். ஒருவன் காதில் வயரைச் செருகிக்கொண்டு வாய் திறக்காமல் நிற்கிறான், சனம் எந்த பஸ் என்று தெரியாமல் ஓடித் திரிகிறது. "டேய், வாயில என்ன கொழுக்கட்டையா? உயிலங்குளம் எண்டு கத்திச் சொல்லடா!" என்று சொல்ல வெளிக்கிட்டேன். உயிலங் வந்தது. குளம் வரவில்லை. வாய் ஒரு பக்கமாகப் போவது எனக்கே தெரிந்தது. வலது கையில் இருந்த குடை, நான் விடாமலே விழுந்தது. பிறகு நானும் விழுந்தேன். பாரிசவாதம்.

அம்புலன்ஸில் வவுனியாவுக்குக் கொண்டு போனார்கள். எனக்கு நினைவு தப்பவில்லை. முப்பது வருடம் போன பாதையை முதல் தடவையாகப் படுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு வளைவிலும் எந்த இடம் என்று முதுகுக்குத் தெரிந்தது. சொல்லத்தான் வாய் இல்லை. மடுச் சந்தி வந்ததும் டிறைவர் வேகத்தைக் குறைத்தார். அந்த இடத்தில் எங்கள் பக்கத்து டிறைவர்மார் எல்லாரும் அங்காலே கோயில் கொண்டிருக்கிற மாதாவுக்காகக் குறைப்பதுதான். என் பக்கத்தில் இருந்த மனைவி யன்னல் பக்கம் திரும்பிக் கை கூப்பினாள்.

"மடு மாதாவே, இவரை உயிரோட வீட்ட கொண்டுபோக விடுங்கோ. நான் இனி என்ர மந்திரத்தைச் சொல்லவே மாட்டன்."

வேண்டாம் என்று கத்தினேன். வாயோரம் எச்சில் வடிந்தது, அவ்வளவுதான். அவள் அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

மடு மாதாவுக்கு நேத்திக்கடன் வைப்பது எங்கள் பகுதியில் புதினம் இல்லை. எங்களைப் போன்ற கத்தோலிக்க வேதக்காரர், சைவக்காரர், சிங்களவர் எல்லாரும் வைப்பார்கள். மெழுகுதிரி கொடுப்பார்கள், தலைமுடி கொடுப்பார்கள், வெள்ளியில் கைகால் செய்து கொடுப்பார்கள். என்னுடைய ஆள் என்ன செய்தாள்? தன்னிடம் இருப்பதில் எது பெரிதென்று பார்த்து, அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். சைவக்காரி ஒருத்தி மாதாவிடம் போய் சிவனுடைய சொத்தைப் பணயம் வைத்த கதை வேறெங்காவது நடந்திருக்குமோ தெரியாது.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நேர்ஸ் பிள்ளை ஊசி ஏற்றியபோது என் வாயிலிருந்து முதல் சொல் வந்தது. அதை இங்கே எழுத முடியாது. டிறைவருக்கென்று வைத்திருந்த நீளமானது. ஓர் எழுத்துப் பிசகாமல் வந்தது. நேர்ஸ் பிள்ளை ஊசியோடு பின்னால் பாய்ந்தாள். டொக்டர் சந்தோசப்பட்டார். இந்த நோயில் பேச்சு போனாலும் பழகிய தூசணம் சில பேருக்கு மிஞ்சியிருக்கும், நல்ல அறிகுறி என்றார். மனைவி வார்ட்டில் ஒவ்வொரு கட்டிலாகப் போய் மன்னிப்புக் கேட்டாள். என் பெயர் வரவில்லை, அவள் பெயர் வரவில்லை, தண்ணீர் என்று கேட்க வரவில்லை. தூசணம் மூன்றும் மட்டும் அப்படியே இருந்தன.

மூன்று கிழமை கழித்து உயிரோடு வீட்டுக்கு வந்தேன். மாதா தன் பங்கைச் செய்துவிட்டார், இனி அவளுடைய பங்கு.

அடுத்த நாள் விடிந்தது. கட்டிலில் கிடந்தேன். யன்னல் திறந்திருந்தது. காற்று வந்தது, காகம் வந்தது, தூரத்தில் ஒரு கழுதை கத்தியது. முற்றம் மட்டும் வெறிச்சென்று கிடந்தது. அவள் குசினிக்குள் சத்தமில்லாமல் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல ஒரு தூசணமும் போதாது. முப்பத்தைந்து வருடம் நான் கேட்டுச் சிரித்த அவளுடைய சத்தம் இல்லாமல், எனக்கு விடிந்ததாகவே தெரியவில்லை. அவள் வழக்கமாகத் தொடங்குகிற அதே நேரத்துக்கு, நான் நினைக்காமலே, என் வாய் தானாகத் திறந்தது.

"லம்."

குசினியில் கரண்டி விழுந்தது. ஓடி வந்தாள். முகமெல்லாம் சந்தோசம். "என்ன சொன்னியள்? இன்னொருக்காச் சொல்லுங்கோ!" என்றாள். "லம்," என்றேன். அப்போதுதான் அவளுக்கு அது என்ன சொல் என்று விளங்கியது. முகம் அப்படியே வாடிப்போனது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குத் திரும்பிப் போனாள்.

பேச்சுச் சிகிச்சைக்கு மன்னார் ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை இருந்தாள். எருக்கலம்பிட்டிப் பிள்ளை, தலையில் முக்காடு, கையில் எப்போதும் ஒரு கொப்பி. அவள் சொன்னாள்: "அங்கிள், பழகின பாட்டு, செபம், எண்ணுற எண், இதுகள் மூளையில வேற இடத்தில இருக்கிற. பேச்சு போனாலும் அது இருக்கும். அதில பிடிச்சுக்கொண்டுதான் மற்றச் சொல்லுகளுக்கு ஏறோணும்." அந்தப் பிள்ளை முதலில் கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. பஸ் தரிப்பிடங்களைச் சொல்லிப் பார்த்தாள். முப்பது வருடம் கத்தியது, அதுவும் வரவில்லை. நான் பொறுமை இழந்து "லம், வம், ரம்," என்றேன். பிறகு ஒரு தூசணம். பிள்ளை நான்கையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

"அன்ரி, இது என்ன பாட்டு? வீட்டில ஆரும் சொல்லுறதா? நீங்க கூடச் சேர்ந்து சொன்னா அங்கிளுக்குக் கெதியா வரும்."

மனைவி நிலத்தைப் பார்த்தாள். "எனக்கு ஏலாது மகள்," என்றாள்.

பிள்ளை விடவில்லை. போனில் தேடி, யாரோ ஒரு ஆண்குரல் சொல்கிற அதே மந்திரத்தை எடுத்தாள். பின்னணியில் அருவி விழுந்தது. இரண்டு கிழமைக்கு ஒருதரம் கிளினிக்கில் அந்தப் பிள்ளையும் நானும் எதிரெதிர்க் கதிரையில் இருந்து, நான் மேசையில் இடது கையால் தட்ட, அவள் லம், வம் என்று சொல்லித் தருவாள். முஸ்லிம் பிள்ளை வேதக்காரனுக்குச் சைவ மந்திரம் சொல்லிக் கொடுப்பதைப் பார்க்க அடுத்த அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள். "எனக்கு இது மருந்து, அங்கிள். என்ர நிய்யத்து, மனசில இருக்கிற எண்ணம், அல்லாஹ்வுக்குத் தெரியும்," என்பாள். எல்லாச் சமயமும் சேர்ந்து தள்ளியும் என் வண்டி ரம்மிலேயே நின்றது. லம், வம், ரம், தூசணம். அதற்கு அங்கால் பாதை இல்லை.

இரண்டு மாதம் அப்படியே போனது. ஒருநாள் காலை வாசல் கதிரையில் இருந்து வழக்கம்போல் தொடங்கினேன். லம். வம். ரம். வாய் திறந்தபடி நிற்கிறது. அந்த நேரம் பார்த்துக் குசினியில் அவள் அடுப்பு மூட்ட ஒரு நெருப்புக்குச்சி கிழித்தாள். சர்ர் என்ற சத்தம். அவ்வளவுதான்.

"யம். ஹம்."

எனக்கே திகைப்பு. அவள் எரிகிற குச்சியோடு வாசலுக்கு வந்து நின்றாள். இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் விளங்கியது. என் மூளைக்குள் பதிந்து கிடந்தது வெறும் மந்திரம் இல்லை. லம், வம், ரம், காற்று வந்து விளக்கை அணைப்பது, அவள் குச்சி கிழிப்பது, பிறகு யம், ஹம். முப்பத்தைந்து வருடம் படுத்துக் கிடந்து கேட்டவனுக்கு நெருப்புக்குச்சியும் மந்திரத்தில் ஓர் எழுத்து.

குச்சி கிழித்தால் நேத்தியை மீறியதாகுமா? அவள் அதைப் பற்றி ஒரு பகல் முழுக்க யோசித்தாள். நேத்தி வைத்தது சொல்லுக்குத்தானே தவிர நெருப்புக்கு இல்லை என்று முடிவெடுத்தாள். தபால் கந்தோர் மூளை அது, சட்டத்தில் எந்த இடத்தில் சந்து இருக்கிறதென்று அதற்குத் தெரியும். அடுத்த நாளிலிருந்து காலையில் நான் கதிரையில், அவள் பக்கத்தில் நெருப்புப்பெட்டியோடு. நான் ரம் சொல்வேன். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு குச்சி கிழிப்பாள். நான் யம்மில் ஏறுவேன். அந்த இழுவையிலேயே பிறகு "யம்... யன்னல்" வந்தது. "வம்... வா" வந்தது. ஒரு மாதத்தில் "தண்ணி" வந்தது. அவள் பெயரும் வந்தது. அன்றைக்கு அவள் அழுதாள். நானும் அழுதேன், பிறகு வெட்கத்தில் ஒரு தூசணம் சொன்னேன்.

என் பேச்சு வர வர, அவளுடைய உதட்டை என்னால் பார்க்க முடியாமல் போனது. நான் மந்திரம் சொல்லும்போது அது துடிக்கும். உள்ளே அவள் சொல்கிறாள், வெளியே விடமாட்டாள். நான் சொன்னதோ கழுதை கத்தியது போல. அவள் சொன்னால் முற்றம் கொஞ்ச நேரம் வேறு முற்றமாக இருக்கும். முப்பத்தைந்து வருடம் அதைப் பகிடி பண்ணியவன் இதைச் சொல்வது அழகில்லைதான், ஆனால் எனக்கு அவளுடைய சத்தம் வேண்டும். என்னுடையது வந்துவிட்டது, அதை வைத்து நான் என்ன செய்வது?

அவளைச் சீண்டிப் பார்ப்போம் என்று நினைத்தேன். நல்ல மனுசன் செய்கிற வேலை இல்லை. ஒருநாள் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னேன். முழங்காலைத் தொட்டு வம். வயிற்றைத் தொட்டு ஹம். நெஞ்சில் லம். பிழை கண்டால் தாங்காதவள், கடித உறையில் விலாசம் கோணலாக இருந்தாலே திருத்தி எழுதுகிறவள். முகம் சிவந்தது. இப்போது கத்தப் போகிறாள், திருத்தப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் நெருப்புப்பெட்டியை மணலில் போட்டுவிட்டு என் முன்னால் நிலத்தில் இருந்துவிட்டாள்.

"நான் வாய் திறந்து, பிறகு உங்களுக்கு ஏதும் நடந்தா நான் என்ன செய்யிறது? சொல்லுங்கோ. அண்டைக்கு உங்கட கை பிணத்தின்ர கை மாதிரிக் கிடந்தது. அந்தக் கையைப் பிடிச்சுக்கொண்டுதான் நான் மாதாவோட பேசினனான். உங்களுக்கு இது விளையாட்டா?"

எனக்கு நாக்கு மட்டுமில்லை, எல்லாமே இழுத்துக்கொண்டது. அவள் நேத்தியை ஒரு வாக்கு என்று மட்டும் காக்கவில்லை. என் உயிரைப் பல்லுக்கிடையில் கடித்துப் பிடித்திருக்கிறாள், வாயைத் திறந்தால் விழுந்துவிடும் என்று. இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஏழு மாதம் தேவைப்பட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை பங்குச் சுவாமியார் வீட்டுக்கு நற்கருணை கொண்டு வந்தார். அவரிடம் முறையிடுவோம் என்று மனைவியைக் காட்டினேன், என் வாயைக் காட்டினேன், உதட்டை மூடிக் காட்டினேன். சுவாமியார் தலையாட்டி, கணவன் மனைவி கதைக்காமல் இருக்கக் கூடாது, பொழுது சாய முதல் கோபத்தை விட்டுவிட வேண்டும் என்று பத்து நிமிடம் புத்தி சொன்னார். கடைசியில் மனைவியே பொறுக்க முடியாமல் முழுக் கதையையும் சொன்னாள்.

சுவாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேத்தியில இருந்து ஆக்களை விடுவிக்கலாம், அம்மா. ஆனா நீங்கள் ஞானஸ்நானம் எடுத்த ஆள் இல்லை. உங்களில எனக்கு அதிகாரம் இல்லை." கொஞ்சம் யோசித்தார். "அதிகாரம் இருந்தாலும், இனி நீங்கள் மந்திரம் சொல்லலாம் எண்டு நான் எந்த வாயால சொல்லுறது? ஆயருக்கு ஆர் பதில் சொல்லுறது?"

அடுத்து மாந்தைப் பக்கத்து ஐயர் ஒருவருக்குப் போன் போட்டோம். அவர் பொறுமையாகக் கேட்டார். "எங்கட கோயில்ல வைச்ச நேத்தி எண்டா ஏதும் பரிகாரம் சொல்லலாம் பிள்ளை. மடுவில வைச்சதை மடுவிலதான் தீர்க்கோணும்," என்று வைத்துவிட்டார். காணி உறுதிப் பத்திரத்துக்கு அலைந்தவர்களுக்கு இந்த நடை விளங்கும். அந்தக் கந்தோர் இந்தக் கந்தோருக்கு அனுப்பும், இந்தக் கந்தோர் அந்தக் கந்தோருக்கு அனுப்பும். இரண்டு கந்தோருக்கும் நடுவில் என் மனைவி வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யும், அது பஸ்ஸில் பழகியது. ஆசனம் இல்லாத பஸ்ஸில் ஒரு கர்ப்பிணி ஏறினால் கண்டக்டர் என்ன செய்வான்? புது ஆசனம் செய்ய அவனுக்கு அதிகாரம் இல்லை. ஒருவன் எழும்பி இடம் விடலாம். அதற்கு எந்தக் கந்தோரின் அனுமதியும் தேவையில்லை. நான் ஞானஸ்நானம் எடுத்தவன். மாதாவோடு நேரே கதைக்க உரிமை உள்ளவன். நேத்தியில் அவள் நிற்கிற இடத்தில் நான் போய் நின்றால் முடிந்தது.

"மடு," என்றேன். "போவம்."

அடுத்த கிழமை முற்பகலில் ஒரு வாடகை வானில் போனோம். பாதையெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். கோயிலில் திருவிழா இல்லாத நாள், ஆனாலும் சனம் இருந்தது. மனைவி கையைப் பிடித்து முன்னுக்குக் கூட்டிப் போனாள். முழந்தாளிட்டேன். எழும்புவது எப்படி என்று யோசிக்கவில்லை. மாதாவை நிமிர்ந்து பார்த்தேன். சின்னச் சுரூபம். முப்பது வருடம் சந்தியில் மணியடித்துவிட்டுப் போனவன், கிட்ட வந்து கதைத்தது குறைவு. வியர்த்தது. சொல்ல வைத்திருந்ததெல்லாம் மறந்து போனது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

வந்தது தூசணம். அந்த நீளமானது. கோயில் முழுக்கக் கேட்டது.

பக்கத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு கிழவர் சிலுவை அடையாளம் போட்டார். மனைவியின் கை என் கையிலிருந்து வழுவியது, அவளுக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்திருக்கும். எனக்கும்தான். ஆனால் வாய் ஒருதரம் திறந்தால் கொஞ்ச நேரத்துக்குத்தான் திறந்திருக்கும், அது எனக்குத் தெரியும். மூடுவதற்குள் சொல்ல வேண்டும். இடது கையால் மேசையில் தட்டுவது போல என் தொடையில் தட்டினேன்.

"இதை," என்றேன். "இதை... விடுறன். எனக்கு... லேசா வாறது... இதுதான். எடும். அவ... சொல்லட்டும்."

வாய் போன நாளிலிருந்து நான் சேர்த்துப் பேசியதில் அதுதான் நீளமானது. மனைவி அங்கேயே இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். செபமாலைப் பெண்களில் ஒருத்தி வந்து என்னைத் தூக்கிவிட்டாள். என்ன நேத்தி என்று கேட்டாள். மனைவி என் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப் போனாள்.

வீட்டுக்கு வந்தும் அவள் உடனே தொடங்கவில்லை. மாதா என் சரக்கை ஏற்றுக்கொண்டாரா என்று அவளுக்குச் சந்தேகம். எனக்கும் உள்ளுக்குள் சந்தேகம்தான், அந்தச் சரக்கு அப்படி. மூன்று நாள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பிடும்போது பார்த்தாள், இருமினால் ஓடி வந்தாள். நான்காம் நாள் காலை கண் விழித்தபோது முற்றத்தில் அவளுடைய காலடி கேட்டது. பிறகு செம்பு வைக்கிற சத்தம். நான் மெல்ல எழும்பி, அவள் ஊற்றி வைத்திருந்த தேத்தண்ணீர்க் கோப்பையை இடது கையில் எடுத்துக்கொண்டு வாசல் கதிரையில் போய் இருந்தேன்.

அவள் கிழக்கே பார்த்து நின்றாள். எட்டு மாதம் மூடிக் கிடந்த தொண்டை, தொடக்கத்தில் கரகரத்தது. லம். தண்ணீர் தெளித்தாள். வம். விளக்கைக் கொளுத்தினாள். ரம். சோளகம் வந்து ஒரே ஊதில் அணைத்தது. அவள் நெருப்புப்பெட்டியைத் தேடிக் குனிந்தாள். அதைப் பார்த்த சந்தோசத்தில் என் கை ஆடி, கொதிக்கக் கொதிக்க முழுத் தேத்தண்ணீரும் என் காலில் கொட்டுண்டது.

நீளமானது தொண்டை தாண்டி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவள் குச்சியோடு திரும்பினாள். கண்ணில் அந்தப் பயம், அம்புலன்ஸில் கண்ட அதே பயம். என் வாயையே பார்த்தபடி அசையாமல் நின்றாள். நான் பல்லைக் கடித்தேன். கால் எரிந்தது. பாதத்திலிருந்து முழங்கால்வரை யாருடைய பகுதி என்று எனக்குத்தான் பாடமாச்சே.

"லம்," என்று கத்தினேன்.

அவள் தேத்தண்ணீர் வடிகிற என் காலைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கையிலிருந்த குச்சி நழுவி மணலில் விழுந்தது. அதை எடுத்துக் கிழித்து, விளக்கைக் கொளுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.